நாலாவது பிளக்

“மனுசனா இருந்தா இப்படி முறுக்குவானா? கையில எலும்பு இருந்துச்சா, கடப்பாரை இருந்துச்சா? நல்லா இருப்பானா அவன்?”

காரின் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி வீரணன் கத்தினான். யாரைத் திட்டுகிறான் என்று பேர் சொல்லவில்லை. அந்தப் பேரை அவன் சொல்லி மூன்று வருசம் ஆகப்போகிறது.

பக்கத்தில் நின்ற ஆக்னஸ் டீச்சர் கேட்டார்.

“திட்டுறதுக்கு அசையுதாண்ணே?”

“என்னது?”

“பிளக்.”

வீரணன் தலையை வெளியே எடுத்தான். எடுத்த வேகத்தில் பானட்டில் இடித்துக்கொண்டான். அதற்கும் சேர்த்து அந்த ஆளையே திட்டினான்.

ஆக்னஸ் டீச்சர் தொழிற்பயிற்சிப் பள்ளியில் மோட்டார் பிரிவுக்குப் பாடம் எடுப்பவர். முப்பத்திரண்டு வயது. வீரணனுக்குப் பன்னிரண்டு வருசம் இளையவர். வராத நட்டு, கழலாத போல்ட்டு என்றால் ஊர் மெக்கானிக்குகளே அவரைத் தேடித்தான் போவார்கள். சுத்தியல் வைத்துக்கொள்ளாத ஆள் என்று பேர்.

வீரணன் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தைச் சந்தை சொல்லிக்கொடுத்தது. சந்தை பிரம்பால் அடிக்காது, வயிற்றில் அடிக்கும். அப்படி அடி வாங்கி வாங்கி எழுந்து, ஓட்டு வீடு, ரெண்டு மாடு, வாசலில் இந்த வெள்ளைக் கார் என்று நிமிர்ந்தவன். அடித்துக் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்பது அவன் படித்த ஒரே பாடம்.

கார் மூன்று மாதமாகச் சரியில்லை. மூன்று காலில் நடக்கிற மாடு மாதிரி விந்தி விந்திப் போயிற்று. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக் நாலையும் மாற்றினால் சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். பழைய பிளக்குகள்தான் கழன்று வரவில்லை.

“மெக்கானிக்கைக் கூப்பிட்டா கழட்டி எறிஞ்சிருப்பாரே?” என்றார் டீச்சர்.

“ரெண்டு பேர் வந்தானுக. ஒருத்தன் தொட்டுப் பார்த்துட்டு ஓடிட்டான். இன்னொருத்தன், வெட்டித்தான் எடுக்கணும், எஞ்சின் தலை போனா நான் பொறுப்பில்லேன்னான். நான்தான் போடா வெளியேன்னேன்.”

பிளக் ஸ்பேனரின் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தான். அதில் தொங்கி அழுத்தப் போகிற நேரத்தில்தான் டீச்சர் வந்திருந்தார்.

டீச்சர் குழாயை உருவினார். வாசல் தாண்டி நடந்தார். அவரைக்காய்ப் பந்தலுக்கு ஒரு கால் குறைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. குழாயை அங்கே ஊன்றி, பந்தலைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தார்.

“டீச்சர், அது எனக்கு வேணும்.”

“பந்தலுக்கும் வேணும்ணே.”

வாசல்படியில் பூ கட்டிக்கொண்டிருந்த தவமணி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். கட்டிய புருசன் ஒருத்தரிடம் பேச்சில் தோற்பதைப் பார்க்க அவளுக்கு வருசத்துக்கு ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை.

டீச்சர் எஞ்சின்மேல் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

“சுடுது.”

“காலையில தெருவைச் சுத்தி ஓட்டிப் பார்த்தேன். சூட்டோட சூடா வந்துருமேன்னு.”

“உள்ள அலுமினியம். சூட்டுல மெதுவா இருக்கும். இப்பத் திருகினா பிளக்கு வரும், கூடவே மரையும் உரிஞ்சு வரும். அப்புறம் புதுப் பிளக்கு எதைப் பிடிச்சு நிக்கும்? ஆறட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“எஞ்சினா, நீங்களா?”

தவமணி இந்த முறை முந்தானையைத் தேடவில்லை.

*

“மொத்தம் எத்தனை நாள் ஆகும், அதைச் சொல்லுங்க.”

“மூணு நாள்.”

“மூணு நாளா! இன்னிக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை விடிஞ்சா பாப்பாவுக்குக் காதுகுத்து. குலசாமி கோயில் மலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸு பாதி வழியோட நின்னுரும். நாளைக்கு மத்தியானம் முடிச்சுக் கொடுங்க.”

“மூணு நாள்.”

“சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நாளைக்குச் சாயந்தரம்.”

“நான் ஒத்துக்கிறேன்” என்று டீச்சர் எஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். “அவங்க நாலு பேர் ஒத்துக்கணுமே.”

வீரணன் நாலு பிளக்குகளையும் முறைத்தான். சந்தையில் அந்த முறைப்புக்கு வியாபாரிகள் விலையை இறக்கியிருக்கிறார்கள். பிளக்குகள் சும்மா இருந்தன.

“வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சுட்டுப் போனா என்ன?” என்றார் டீச்சர்.

“சொந்தக் காரை வாசல்ல நிறுத்திட்டா?”

தவமணி பூவிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். “கார் கிடக்குது டீச்சர். ஆசாரிக்குச் சொல்லியாச்சு, பூசாரிக்குச் சொல்லியாச்சு, கிடாய்க்குச் சொல்லியாச்சு. புள்ளைய யார் மடியில உக்கார வச்சுக் காது குத்துறதுன்னு கேளுங்க.”

“ஏன், என் மடியில என்ன முள்ளா இருக்கு?”

“தாய்மாமன் மடியில வச்சுக் குத்துறதுதான் முறை. எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான். எட்டு மைல்ல இருக்கான். புள்ளைக்கு மூணு வயசு நடக்குது. அது மொகத்தை அவன் பார்த்ததில்ல.”

“தவமணி!”

அவள் பூவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது.

டீச்சர் சைக்கிள் பம்பை எடுத்து ஒவ்வொரு பிளக்கைச் சுற்றியும் காற்றடித்தார். மூன்று வருசத்துத் தூசி பறந்தது. வேப்பம்பூவின் சருகு, மணல், ஏதோ ஒரு பூச்சியின் இறக்கை.

“கழட்டுறதை விட்டுட்டு வாசல் கூட்டுறீங்களே.”

“கழண்டதும் குழி வாயைத் திறக்கும். சுத்தி இருக்கிற குப்பை பூரா உள்ள போயிரும்.”

துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு குழியிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். கையைத் துடைத்தார். செருப்பை மாட்டினார்.

“அவ்வளவுதானா?” என்றான் வீரணன்.

“இன்னிக்கு அவ்வளவுதான்.”

“நான் என்ன பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ணாம இருங்கண்ணே.”

அதுதான் அவனுக்கு வராத வேலை.

*

மறுநாள் மத்தியானம் டீச்சர் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தார்.

“நானா?”

“உங்க கார்தானே? முதல் பிளக்கு. ஒரு அரிசி அளவு திருப்புங்க. இறுக்குற பக்கம்.”

வீரணன் தனக்குத்தான் காது கோளாறோ என்று பார்த்தான்.

“கழட்டுற பக்கம்தானே?”

“இறுக்குற பக்கம்.”

“டீச்சர், அவன் முறுக்கினது பத்தாதுன்னு நானும் முறுக்கவா? அவன் பக்கமே நான் போகணுமா? அவன் செஞ்ச வேலைக்கு நான் குனிஞ்சு போகணுமா?”

“யாருண்ணே அவன்?”

வீரணன் ஸ்பேனரைப் பிளக்கில் மாட்டினான்.

டீச்சர் வற்புறுத்தவில்லை. வாசல்படியில் போய் உட்கார்ந்தார். தவமணி டீ கொடுத்தாள். ரெண்டு பேரும் பாப்பாவுக்கு எந்தக் கம்மல் நன்றாக இருக்கும் என்று பேசினார்கள். கல் வைத்ததா, சும்மா பொட்டா என்று கால் மணி நேரம் ஓடியது.

வீரணன் கழட்டுகிற பக்கமே அழுத்தினான். நரம்பு புடைத்தது. பிளக் அசையவில்லை. இன்னும் அழுத்தினான். ஸ்பேனர் நழுவி, நடுவிரல் தோல் பிய்ந்தது.

“சரி! உங்க இஷ்டத்துக்கே வர்றேன்” என்று விரலைச் சப்பிக்கொண்டே கத்தினான். “அரிசின்னா எந்த அரிசி? பச்சரிசியா, புழுங்கலா?”

“சீரகச் சம்பா” என்றார் டீச்சர்.

இறுக்குகிற பக்கம் மெல்லத் திருப்பினான். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். காய்ந்த நெற்று உடைகிற மாதிரி.

“இப்ப உங்க பக்கம்.”

திருப்பினான். பிளக் அசைந்தது. அரிசியளவுதான். ஆனால் அசைந்தது.

வீரணன் ஆவேசமாகி ஒரே சுற்றாகச் சுற்றப் போனான். டீச்சர் ஸ்பேனர் மேல் விரலை வைத்தார்.

“மறுபடி அதும் பக்கம். அப்புறம் எண்ணெய். அப்புறம் உங்க பக்கம்.”

“இப்படியே போனா எப்பக் கழட்டுறது?”

“சந்தையில ஒரு மாடு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“அது ஆகும். ஒரு டீ ஆகும், ரெண்டு வெத்தலை ஆகும். வாயால பேசினா ஊருக்கே விலை தெரிஞ்சு போகுமே. துண்டுக்கு அடியில விரல்தான் பேசும். அவன் விரலை நான் பிடிச்சா இவ்வளவு, மடக்கினா இவ்வளவு. கண்ணால பார்க்கவே வேண்டியதில்ல.”

“உங்க துண்டைக் கொடுங்க.”

தோளில் கிடந்த துண்டை அவன் கொடுத்தான். டீச்சர் அதை விரித்து, ஸ்பேனரும் அவன் கையும் மறைகிற மாதிரி எஞ்சின் மேல் போட்டார்.

“எட்டி எட்டிப் பார்க்குறீங்க. குழிக்குள்ள எப்படியும் தெரியாது. இப்பப் பேசுங்க.”

வீரணன் அவரைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். தரகர்கள் துண்டுக்கு அடியில் கை விட்டால் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

கை மெதுவானது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் மாறியது. சந்தையில் இருக்கிற முகம். உதட்டில் ஒரு ஓரச் சிரிப்பு.

“இவன் முரண்டு பிடிக்கிறான் டீச்சர்.”

“ம்.”

“இந்தா, எறங்குறான். வர்றான்... இல்ல, பொய். நடிக்கிறான்.”

“ம்.”

“விட்டுக் கொடுத்தேன். இப்ப வா. வா ராசா.”

துண்டுக்கு அடியிலிருந்து முதல் பிளக்கை எடுத்து உயரத் தூக்கினான். கருத்துப்போய், பல் தேய்ந்து கிடந்தது. சாயந்தரத்துக்குள் ரெண்டாவதும் மூன்றாவதும் வந்தன. தவமணி மூன்று தடவை வாசலுக்கு வந்து வாயில் கை வைத்துவிட்டுப் போனாள். புருசன் கத்தாமல் ஒரு வேலை செய்து அவள் பார்த்ததேயில்லை.

நாலாவது வரவில்லை.

“எண்ணெய் விடுங்க. நாளைக்குப் பார்ப்போம்” என்றார் டீச்சர்.

*

வியாழக்கிழமை காலை டீச்சர் புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகிக் கொடுத்தார்.

“மூணையும் முதல்ல மாட்டிருவோம். இந்த டியூபைப் பிடிச்சு விரலால சுத்துங்க.”

வீரணன் சுற்றினான். ரெண்டு சுற்றுப் போனதும் டியூப் பிளக்கின் தலையில் வழுக்கிச் சும்மா சுற்றியது.

“வழுக்குது டீச்சர். நல்ல டியூபாக் கொடுங்க.”

“வழுக்குறதுக்குத்தான் அதைக் கொடுத்தேன். பிளக்கு கோணலாப் போகுது. ஸ்பேனரா இருந்தா கோணலாவே ஏத்தி மரையை அறுத்திருக்கும். வெளிய எடுத்து மறுபடி வைங்க.”

மறுபடி வைத்தான். இந்த முறை கடைசி வரை விரலுக்கே போயிற்று.

“இப்ப ஸ்பேனர். அரைச் சுத்து. அதோட நிப்பாட்டுங்க.”

அரைச் சுற்று முடிந்தது. வீரணன் நிறுத்தவில்லை. தோள் குனிந்து, பல்லைக் கடித்து, இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனான்.

டீச்சர் கையைப் பிடித்தார்.

“ஏண்ணே?”

“கழண்டுக்கிட்டா?”

“கழண்டுக்காது.”

“உங்களுக்குத் தெரியாது டீச்சர். ஒரு தடவை கழண்டு தெறிச்சிருக்கு. இந்த நாலாவதுதான்.” அவன் குரல் தணிந்தது. “இவ எட்டு மாசம். ஆஸ்பத்திரியில காட்டிட்டு வர்றோம். மலைப் பாதையில, கொண்டை ஊசி வளைவுல, டமார்னு ஒரு சத்தம். எஞ்சின் நின்னு போய் வண்டி பின்னால உருளுது. இவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலறுறா. ஒரு பாறையில முட்டி நின்னுச்சு. இல்லேன்னா...”

“யார் ஓட்டினது?”

“நான்தான்.”

“பிளக்கு மாட்டினது?”

வாசல்படியிலிருந்து தவமணி சொன்னாள்.

“என் தம்பி. அவங்க ரெண்டு பேரும் கூட்டாத்தான் தரகு பார்த்தாங்க. காரைப் பார்த்துக்கிறது அவன். அன்னைக்கு அவனும் வண்டியிலதான் இருந்தான். நடு ரோட்டுல, ஏறி எறங்குற வண்டி பூரா நின்னு வேடிக்கை பார்க்க, இவரு அவனைக் கேட்காத கேள்வியில்ல. ஒரு நட்டு இறுக்கத் துப்பில்லாதவன், எம் புள்ளையக் கொல்லப் பார்த்தவன்னு...”

“கோபத்துல ஆயிரம் வரும்” என்றான் வீரணன்.

“அப்புறம் பத்து நாள்ல சந்தையில ஒரு செவலை மாடு. இவரு துண்டுக்குள்ள விலையை முடிச்சுட்டாரு. வாங்க வந்தது ஒரு பொம்பளை, கைப்புள்ளைக்காரி. என் தம்பி வாயைத் திறந்துட்டான். அக்கா, அது உதைக்கிற மாடு, வேணாம்னு.”

“நாலு பேர் முன்னாடி சொன்னான்!”

“இவரு துண்டை அவன் மூஞ்சியில வீசிட்டாரு. தரகுக்காரங்களுக்குள்ள அது செருப்பை வீசுற மாதிரி டீச்சர். அன்னைக்குப் போனவன்தான்.”

வீரணன் மிச்ச ரெண்டு பிளக்குகளையும் மாட்டினான். அரைச் சுற்றில் நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் நிறுத்துவது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

*

நாலாவது பிளக்.

அரிசியளவு அதன் பக்கம். அரிசியளவு தன் பக்கம். எண்ணெய். மறுபடியும். ஒரு மணி நேரம் போயிற்று. மற்ற மூன்றும் துருவால் இறுகியவை. இது அப்படி இல்லை.

டீச்சர் துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார்.

“என்ன சொல்லுது?”

வீரணன் கண்ணை மூடினான்.

“விரலைப் பிடிச்சா ஆள் தெரிஞ்சிரும் டீச்சர். ஆசைப்படுறவன் விரல் வேர்க்கும். பொய் சொல்றவன் விரல் முந்திக்கிட்டுப் பேசும். கோபக்காரன் விரல் சூடா இறுகும். கொஞ்சம் பொறுத்தா தானா இளகிரும். கோபம் ரொம்ப நேரம் தாங்காது.”

“இது?”

கை துண்டுக்கு அடியில் அசையாமல் இருந்தது.

“இது வேற.”

டீச்சர் காத்திருந்தார்.

“இது கட்டை மாதிரி இருக்கு. சில பேர் வருவாங்க. வீட்டுல ஏதோ போயிருமோன்னு, கடைசி மாட்டை விக்க வந்திருப்பாங்க. விரலைக் கொடுத்தா அப்படியே மரமா நிக்கும். கொடுக்கவும் தெரியாது, விடவும் தெரியாது. இது பயந்த கை.”

அவரைப் பந்தலில் ஒரு அணில் கத்தியது.

“முறுக்கினப்ப நான் பார்த்தேன்” என்றாள் தவமணி. அவள் எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று வீரணனுக்குத் தெரியவில்லை. “மலையில இருந்து வந்த மறுநாள். அவனுக்குக் கை நடுங்குச்சு. இறுக்கிட்டுப் போவான். பாதி தெரு போயிட்டுத் திரும்பி வருவான். மறுபடி இறுக்குவான். குழாயை வேற போட்டு இறுக்கினான். என்னடா இதுன்னு கேட்டேன். அக்கா, நீ இதுலதானே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னான்.”

வீரணன் கண்ணைத் திறக்கவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்க அந்தப் பேரை எடுக்க விட்டீங்க?”

டீச்சர் கேட்டார். “பயந்த விரல் வந்தா சந்தையில என்னண்ணே பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுறது? எங்கையைத் தளர்த்துவேன். நான் பிடிச்சுக்கிட்டே இருந்தா அவன் எப்படி விடுவான்?”

சொல்லிவிட்டு வீரணன் அப்படியே நின்றான்.

துண்டை விலக்கினான். ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்தான். நாலாவது பிளக் குழிக்குள் இருந்தது.

“ஏண்ணே வச்சுட்டீங்க? இன்னும் ரெண்டு தடவை எண்ணெய் விட்டா வந்துரும்.”

“வரும் டீச்சர்.” கையைத் துண்டில் துடைத்தான். “தவமணி, போனைக் கொடு.”

“யாருக்கு?”

“கொடுங்கிறேன்ல.”

அவள் கொடுக்கவில்லை. தானே எண்ணை அழுத்தி, மணி போகிறதா என்று காதில் வைத்துக் கேட்டு, பிறகு நீட்டினாள்.

மறுமுனையில் எடுத்தார்கள். “சொல்லுக்கா” என்றது ஒரு குரல்.

வீரணன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் போதும். மறுமுனை பேச்சை நிறுத்திக்கொண்டது.

“அந்தச் செவலை மாடு...” என்றான் வீரணன். நிறுத்தினான். டீச்சர் அவனைப் பார்க்காமல் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அது உதைக்கும். எனக்கும் தெரியும்.”

மறுமுனையில் ஏதோ ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம்.

வீரணனுக்கு உடனே கோபம் வந்துவிட்டது.

“என்னடா சத்தம்? கேளு. இந்தக் காரை என்ன பண்ணி வச்சிருக்க நீ? மூணைக் கழட்டிட்டேன். நாலாவதைத் தொட மாட்டேன். மூணு வருசமா நான் லோல்படுறேன், நீ எட்டு மைல்ல உக்காந்துக்கிட்டு எட்டிப் பார்க்கல. புதுப் பிளக்கு வாங்கி வச்சிருக்கேன். நீ முறுக்கினதை நீதான் வந்து கழட்டணும். நாளைக்கு விடிய வண்டி மலை ஏறணும். எம் புள்ள ஒம்மடியில உக்காரணும். செஞ்சதைச் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் பேசு, மாப்ளே. எத்தனை மணிக்கு வர்ற?”